பற்றரி கழட்டும் நேரம்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், பற்றரி மாற்றுகிறேன் என்று மட்டும்தான் நேசம் சொல்வாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரும். இதுவும் ஒரு வேலையா என்பது அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். நேசம் அதைக் கண்டும் காணாதவளாக பஸ்ஸுக்கு நடந்துவிடுவாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே கணவனை இழந்து, ஒரே மகளையும் கட்டாருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு, ஊராரின் சிரிப்புக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

மஷூர் நானாவின் அலுவலகம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே, இரண்டே அறைகள். அங்கிருந்து நூற்று முப்பது வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். முக்கால்வாசி வெள்ளவத்தைத் தொடர்மாடிகள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பார்கள். பெற்றவர்கள் கடல் தெரிகிற பல்கணியில் உட்கார்ந்து பிள்ளைகளின் அழைப்புக்குக் காத்திருப்பார்கள். அந்த வீடுகளின் கதவிலும் சுவரிலும் தீப்பெட்டி அளவில் வெள்ளைச் சென்சர்கள் ஒட்டியிருக்கும். கதவு திறந்தால் ஒன்று சொல்லும், ஆள் நடந்தால் இன்னொன்று சொல்லும். அவை சொல்வதை மூலையிலிருக்கிற ஒரு வெள்ளைப் பெட்டி வாங்கி, கொட்டாஞ்சேனைத் திரைக்கும் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பிவிடும். ஒன்றும் நடக்காவிட்டாலும் ஒவ்வொரு சென்சரும் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை, இருக்கிறேன் என்று சமிக்ஞை கொடுக்கும். அது நின்றால் திரையில் அந்த நேரம் வெறுமையாக விழும், வீட்டின் பெயர் சிவப்பாக மாறும்.

வயர் கிடையாது. எல்லாவற்றுக்கும் உயிர் காசளவு வட்டப் பற்றரி ஒன்றுதான். அது முடிந்தால் ரொறன்ரோவிலிருக்கிற மகளுக்குக் கண் அவிந்த மாதிரி. அது முடிவதற்கு முன்னால் போய் மாற்றுவதுதான் நேசத்தின் வேலை. விரல் எண்ணெய் படாமல் துணியால் பிடித்து, மாற்றிய திகதியைக் கறுப்புப் பேனையால் பற்றரியின் முதுகில் எழுதித்தான் உள்ளே வைப்பாள்.

நாலு வருடத்தில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. ஆள் அசைய அசைய சென்சர் கதைக்கும். கதைக்கக் கதைக்கப் பற்றரி இறங்கும். பேரப்பிள்ளைகள் வந்து நின்று ஓடித் திரிந்த வீட்டில் நாலு மாதத்தில் முடிந்துவிடும். காலையில் கதிரையில் உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழும்பாத வீட்டில் இரண்டு வருடமும் ஓடும். பற்றரி கெதியாய் முடிகிற வீடு நல்ல வீடு என்பது அவளுடைய கணக்கு. மஷூர் நானாவுக்கு இது விளங்காது. பற்றரி நீண்ட நாள் நின்றால் அவருக்குச் சந்தோஷம்.

தியாகராசா ஐயாவின் வீடு அவளுடைய கணக்குக்கும் அடங்கவில்லை.

ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைகிறவராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி நாகேஸ்வரி அம்மாவுக்கு மூன்று வருடமாக மறதி. முதலில் அடுப்பை மறந்தா, பிறகு பெயர்களை, பிறகு இது தன்னுடைய வீடு என்பதையே மறந்தா. கதவைத் திறந்துகொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று இறங்கிவிடுவா. இரண்டு தடவை பஸ்கள் பறக்கிற காலி வீதிவரை போய்விட்டா. அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவிலிருக்கிற மகள் மயூரி கதவிலும் ஹோலிலும் சென்சர் பூட்டுவித்தாள். கதவு திறந்தால் ஐயாவின் போன் அலறும், மயூரியின் போனும் அலறும். பூட்டிய அன்றே மயூரி ஸ்பீக்கர் போட்டிருந்த போனில் தகப்பனுக்கு நேரடியாகச் சொல்லிவிட்டாள். இதுவும் சரிவராவிட்டால் அம்மாவை முதியோர் இல்லத்தில்தான் விடவேண்டும், வேறு வழியில்லை என்றாள். நேசம் ஏணியில் நின்றபடி அதைக் கேட்டாள்.

மூன்றாவது கிழமையிலிருந்து அந்த வீட்டின் பெயர் பகலில் சிவப்பாகத் தொடங்கியது. காலை ஏழு மணிக்குக் கதவுச் சென்சர் தொடர்பு அறும். மாலை ஆறு மணிக்குத் தானாக உயிர் வரும். அடுத்த நாளும் அப்படியே. பழுதான சாமானுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது என்று நேசத்துக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு முற்பகல் சொல்லாமல் கொள்ளாமல் போய் மணியடித்தாள்.

கதவைத் திறந்த ஐயா முழித்தார். சென்சரின் மூடி கழன்று கிடந்தது. பற்றரி, மேசையில் ஒரு பால்மா டின் மூடிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தது.

"நான் முழிச்சிருந்து பாத்துக்கொண்டிருக்கேக்க இது என்னத்துக்குப் பாக்கோணும், பிள்ளை? சும்மா எரியும்."

நேசத்துக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இது ஒரு வருடம் ஓடும், முடிந்தால் நான் வந்து மாற்றுவேன், அதற்குத்தானே இருக்கிறேன் என்று விளங்கப்படுத்தினாள். ஐயா தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, சண்டை நேரத்தில் வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்த கதையைச் சொன்னார். இரண்டே இரண்டு டோர்ச் பற்றரியை உடுத்திருந்த சாரத்து மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு வந்த அவருடைய தம்பியைச் சோதனைச் சாவடியில் இரண்டு நாள் மறித்து வைத்திருந்தார்களாம். செய்தி முடிந்த கையோடு ரேடியோவிலிருந்து பற்றரியைக் கழட்டி அரிசிப் பானைக்குள் வைப்பது அந்த வீட்டுச் சட்டம். மயூரிக்கு அப்போது ஆறு வயது. கழட்டுவது அவளுடைய பொறுப்பு.

"வேணுமெண்ட நேரம் இல்லாமப் போறதுதான் பற்றரி. எனக்கு அதைத் தெரியும்" என்றார்.

அவரைத் திருத்த முடியாது என்று நேசத்துக்கு விளங்கிவிட்டது. முப்பது வருடமாகக் கை பழகியதை ஒரு பற்றரிக்காரி வந்து சொல்லி மாற்ற முடியுமா? சாமான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்த மயூரிக்கு உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நாகேஸ்வரி அம்மா இல்லத்துக்கு, ஐயா இந்த மூன்றாம் மாடியில் தனியாக. ஹோலில் அம்மா நின்று தன் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தா. ஐயா போய் அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேசத்தின் மனம் இளகியது.

அலுவலகத்துக்கு வந்ததும் அந்த வீட்டின் பகல்நேர எச்சரிக்கையை நிறுத்திவைத்தாள். பெயர் இனிச் சிவப்பாகாது. மயூரிக்கும் தகவல் போகாது. ஐயா பகலில் முழித்துத்தானே இருக்கிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். இரக்கத்தில் செய்தது என்பது உண்மை. அதனால் அது பிழை இல்லை என்றாகிவிடாது.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மே மாதத்தில், புழுக்கமான ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா கதிரையில் கண்ணயர்ந்தார். பற்றரி மா டின் மூடியில் கிடந்தது. நாகேஸ்வரி அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனா.

மூன்று மணித்தியாலம் கழித்து, வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில் அவ உட்கார்ந்திருக்கக் கண்டார்கள். ஒரு காலில் செருப்பில்லை, பாதம் வெட்டி இரத்தம் காய்ந்திருந்தது. யாழ்ப்பாண ரயிலுக்கு நிற்பதாகச் சொன்னாவாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல். ஸ்டேஷனுக்கு அவ எந்த வழியால் வந்தா என்பது ஒருவருக்கும் தெரியாது.

மயூரிக்குச் செய்தி போனது பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த போனில்தான். ஏன் எனக்குத் தகவல் வரவில்லை என்று அவள் கேட்டாள். மஷூர் நானா பதிவைத் திறந்து பார்த்தார், எச்சரிக்கையை நிறுத்தியவர் என்ற இடத்தில் நேசத்தின் பெயர் இருந்தது. அவர் நல்ல மனுசன். சாமானில் பழுது என்று சொல்லிவிடுவோம், யாருக்கும் பாதகமில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நேசம் போனைக் கையில் வாங்கி, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மயூரி சத்தம்போடவில்லை. "ஏன் அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பத்து நாளில் நாகேஸ்வரி அம்மாவைப் பொரளைப் பக்கமுள்ள ஒரு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்களுக்கான இல்லம், ஐயாவுக்கு அங்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் பார்க்க விடுவார்கள். நேசம் மன்னிப்புக் கேட்கப் போனபோது ஐயா அவளைத் தேற்றினார். நீங்கள் என்ன செய்வியள், நான்தானே நித்திரையானேன் என்றார். அவர் ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஐயா பற்றரியைக் கழட்டவே இல்லை. கதவுச் சென்சரை எடுத்தாயிற்று. ஹோல் சென்சர் மட்டும் மகளின் சொல்லுக்காக இருந்தது. முன்னர் நாகேஸ்வரி அம்மா அந்த ஹோலில் நாள் முழுக்க மேலும் கீழும் நடந்ததில் அதன் பற்றரி ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது புதுப் பற்றரி போட்டு ஆறு மாதம், இன்னும் தொண்ணூற்றேழு வீதம். இப்போதுதான் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, நன்றி என்று மயூரி எழுதியிருந்தாள். மஷூர் நானா அதை வாசித்துக் காட்டினார். அந்த எண்ணைப் பார்க்கவே நேசத்துக்குப் பிடிக்கவில்லை.

மாற்ற ஒன்றுமில்லாவிட்டாலும் ஐயா வீட்டுக்குப் போனாள். ஐயா அதே கதிரையில் இருந்தார். சாப்பாட்டுக் கடைப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்தில் சனம் கூடுவதால் நாகேஸ்வரி அம்மா பயந்துபோய் ஒருவர் முகத்தையும் பார்க்கிறா இல்லை என்றார். போன ஞாயிறு இவரைக் கண்டு, இந்தாள் ஆர் என்று கேட்டாவாம்.

"இதைக் கழட்டிக்கொண்டுபோய் அவவின்ர கட்டிலடியில பூட்டுங்கோ, பிள்ளை. என்னைப் பாத்து என்னத்துக்கு?"

நேசம் சுவரிலிருந்த சென்சரைப் பார்த்தாள். பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வந்துசேரும்வரை அதையே யோசித்தாள். அடுத்த நாள் மஷூர் நானாவைச் சம்மதிக்கவைத்து, மயூரிக்கும் எழுதி, ஓம் வாங்கிக்கொண்டாள். இரவில் அம்மா கட்டிலால் இறங்கினால் இல்லத்துக்காரருக்குத் தெரியும் என்பது காரணம். அது பொய்யான காரணமும் இல்லை. ஆனால் அவள் மனதிலிருந்தது வேறு.

இல்லத்தின் பொறுப்பாளர் மாக்ரெட் கண்டிப்பானவர். சென்சர் பூட்டுவதில் அவருக்கு ஆட்சேபனை இல்லை. பூட்டி முடித்ததும் நேசம் மெல்ல விஷயத்துக்கு வந்தாள்.

"இதுக்கு ஒவ்வொரு நாளும் பற்றரி பாக்கோணும், மிஸ்."

"ஒவ்வொரு நாளுமா? என்ட மணிக்கூட்டுக்குப் போட்டு ஒரு வருசமாகுது."

"இது வேற மாதிரி. வெள்ளவத்தையில இருந்து ஒருத்தர் வந்து பாப்பார். வயசானவர், ஆறுதலாத்தான் பாப்பார்."

மாக்ரெட் கண்ணாடிக்கு மேலால் நேசத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு வாசல் கொப்பியை இழுத்து, நாளாந்தம், காலை பத்து மணி, பற்றரி என்று எழுதிக் கீழே கையெழுத்து வைத்தார். அந்த மனுசிக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

அன்றிலிருந்து ஐயா வெள்ளவத்தையில் பஸ் ஏறினார். தேய்த்த சேர்ட்டு, சேர்ட்டுப் பையில் ஒரு மூடி, மூடிக்குள் பஞ்சில் மூன்று பற்றரி. கட்டிலடிக்குப் போனதும் சென்சரைத் திறந்து பற்றரியைக் கழட்டுவார். பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சுளை சுளையாகத் தோடம்பழம் உரித்துக் கொடுப்பார். எழும்பும்போது இன்னொரு பற்றரியைப் போட்டுவிட்டு வருவார். நேசம் ஒருநாள் போய்ப் பார்த்தபோது நாகேஸ்வரி அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. பத்து மணி ஆனதும் வாசலைப் பார்த்து, பற்றரிக்காரர் வாறார் என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னா.

திரும்பும்போது ஐயா அதைப் பற்றி நேசத்திடம் கதைத்தார்.

"கட்டின மனுசன் எண்டு தெரியேல்ல. பற்றரிக்காரன் எண்டு தெரியுது. எனக்கு அதுவே காணும்."

திரையில் அது ஒரு பழுதாகத்தான் தெரிந்தது. காலை பத்து மணிக்குச் சென்சர் தொடர்பு அறும், பதினொரு மணிக்குத் திரும்ப வரும், நடுவில் ஒரு மணித்தியால வெறுமை. எச்சரிக்கையை இந்தத் தடவை நேசம் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் பெயர் சிவப்பாகும், ஒவ்வொரு நாளும் அவள் அதைப் பார்ப்பாள். ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மனதில் ஒரு பாரம் இறங்கும், தேத்தண்ணி குடிப்பாள். மயூரிக்கும் அந்த அறிவிப்புப் போகும் என்று தெரியும். அது என்னவென்று அவள் கேட்டதில்லை, நேசமும் சொன்னதில்லை. அங்கே அப்போது நள்ளிரவாக இருக்கும், அவள் எங்கே பார்க்கப்போகிறாள் என்று நினைத்திருந்தாள்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. மழையென்றும் பஸ் இல்லையென்றும் ஒருநாளும் தவறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணியானது. பத்தே கால் ஆனது. திரையில் ஒன்றும் அறவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருதடவை சென்சர், இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நூற்று முப்பது வீடும் பச்சை. ஒரு இடத்திலும் பழுதில்லை என்று மஷூர் நானா கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். வெள்ளவத்தை வீட்டில் இப்போது ஒரு சென்சரும் இல்லை. ஐயாவின் சென்சரைத்தான் நேசமே கழட்டிக்கொண்டுபோய் இல்லத்தில் பூட்டியிருந்தாள். ஐயாவுக்குப் போன் எடுத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் சுணங்கியிருக்கும், தடிமன் பிடித்திருக்கும் என்று எதையெதையோ நினைத்துப் பார்த்தாள்.

பத்து நாற்பதுக்கு அவளுடைய போன் அடித்தது. கனடா நம்பர்.

"நேசம் அக்கா." மயூரியின் குரல் கரகரத்திருந்தது. "இண்டைக்கு அப்பா பற்றரி கழட்டேல்ல."

இத்தனை மாதமும் இந்தப் பிள்ளையும் நித்திரை முழித்திருந்து அந்த வெறுமையைப் பார்த்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். தனக்கு மட்டும்தான் அது விளங்கும் என்று நேசம் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய மடைத்தனம்.

"ஓம், பிள்ளை. நான் போறன். வையுங்கோ" என்றாள்.

த்ரீவீலரில் வெள்ளவத்தைக்குப் போய், செக்கியூரிட்டியிடமிருந்த மாற்றுத் திறப்பால் கதவைத் திறந்தார்கள். ஐயா இல்லத்துக்குப் போக வெளிக்கிட்டுத்தான் இருந்தார். சப்பாத்துப் போடக் கதிரையில் குனிந்தவர், அப்படியே சாய்ந்திருந்தார். ஒரு சப்பாத்தின் நூல் கட்டியிருந்தது, மற்றது கட்டவில்லை. சேர்ட்டுப் பையில் மூடி இருந்தது. உயிர் போய் மூன்று மணித்தியாலம் இருக்கும் என்று பிறகு வந்த டொக்டர் சொன்னார். நேசம் மற்றச் சப்பாத்தின் நூலையும் கட்டிவிட்டாள். ஏன் கட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு வெளியே வந்து மயூரிக்குச் சொன்னாள். இரண்டு பேரும் கனநேரம் போனை வைக்கவில்லை.

எல்லா அலுவலும் ஒரு ஒழுங்குக்கு வந்தபோது பின்னேரம் மூன்றரை. மூடியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நேசம் பொரளைக்குப் பஸ் ஏறினாள். மாக்ரெட் வாசலில் அவள் முகத்தைக் கண்டதும் கொப்பியை எடுக்கவில்லை, வழியை விட்டார். போகிற வழியில் இரண்டு தோடம்பழம் வாங்கியிருந்தாள்.

நாகேஸ்வரி அம்மா கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா. காலையிலிருந்து அப்படித்தான் இருக்கிறாவாம், சாப்பிடவும் இல்லையாம்.

"பற்றரிக்காரர் வரேல்லையோ?"

"இண்டைக்கு நான் வந்திருக்கிறன், அம்மா" என்றாள் நேசம்.

சென்சரைத் திறந்தாள். பற்றரியின் முதுகில் முந்தின நாள் திகதி இருந்தது, படம் வரைகிறவரின் நேர்த்தியான சின்ன எழுத்து. அதைக் கழட்டி மூடிக்குள் பஞ்சில் வைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினாள்.